வேலைப் பயணத்தில் பிளாக்ஜாக்: சின்னப் பந்தயத்தோடு உட்காரும் முன்

கேள்வி இது: "அலுவலக வேலையாக நான்கு நாள் வெளியூர் போகிறேன். தங்கப்போகும் ஹோட்டலின் கீழ்த்தளத்திலேயே கேசினோ இருக்கிறது. வீட்டில் சீட்டாடிய பழக்கம் உண்டு, கேசினோ மேசையில் உட்கார்ந்ததில்லை. சாயங்காலம் ஓரிரண்டு மணி நேரம் சின்னத் தொகையில் பிளாக்ஜாக் ஆடிப் பார்க்க ஆசை. எவ்வளவு பணம் எடுத்துக்கொள்வது, எப்படி ஆடுவது?"

பல வருடங்களாக வேலை விஷயமாக அலைகிறவன் நான். இந்த ஆட்டத்தின் கணக்கை விரும்பிப் படித்தும் இருக்கிறேன். கேசினோ சார்பில் சீட்டுப் போடும் டீலருக்கு எதிராக, சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல் அவரைவிட அதற்கு நெருங்கிப் போவதுதான் பிளாக்ஜாக். கணக்கு தெரிந்தவருக்குக் கேசினோவில் மிகக் குறைவாகச் செலவு வைக்கும் ஆட்டங்களில் பிளாக்ஜாக் ஒன்று. செலவு என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். தொடர்ந்து ஆடினால் இதில் பணம் போகும். எவ்வளவு மெதுவாகப் போகும் என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி முதல் சீட்டு வருவதற்கு முன்பே, எந்த மேசையில் உட்காருகிறீர்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

அதனால் மேசையிலிருந்தே தொடங்குகிறேன். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்னப் பலகை இருக்கும். குறைந்தபட்சப் பந்தயமும் அதிகபட்சப் பந்தயமும் அதில் எழுதியிருக்கும். புதிதாகப் போகிறவர்கள் அந்தக் குறைந்தபட்சத்தை மட்டும் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அதைவிட முக்கியமான வரி மேசைத் துணியிலோ அதே பலகையின் மூலையிலோ இருக்கிறது: பிளாக்ஜாக்குக்கு 3:2 தருகிறார்களா, 6:5 தருகிறார்களா? முதல் இரண்டு சீட்டிலேயே ஓர் ஏஸும் பத்து மதிப்புள்ள ஒரு சீட்டும் (10, J, Q, K) வந்தால் அந்தக் கைக்கும் பிளாக்ஜாக் என்றே பெயர். 10 போட்டிருந்தால் 3:2 மேசையில் 15 கிடைக்கும், 6:5 மேசையில் 12 கிடைக்கும். எண்கள் பெரிதாக இருப்பதால் 6:5 அதிகம் தருவதுபோலத் தோன்றும், தருவது குறைவு. ஒரு பந்தயம் வைத்து ஆடி முடிக்கும் ஒரு சுற்றை ஒரு கை என்பார்கள். ஏறக்குறைய 21 கைக்கு ஒரு முறை பிளாக்ஜாக் விழும். விழும்போதெல்லாம் 6:5 மேசையில் பந்தயத்தில் பத்தில் மூன்று பங்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் கேசினோவின் சாதகம், அதாவது போடும் பந்தயத்தில் சராசரியாக அதன் பக்கம் போகும் பங்கு, சுமார் 1.4 சதவீதம் ஏறுகிறது. நல்ல விதிகள் உள்ள மேசையில் சரியாக ஆடினால் மொத்தச் சாதகமே அரை சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்த ஒரு வரி ஆட்டத்தின் செலவைக் கிட்டத்தட்ட நான்கு மடங்காக்குகிறது.

என் முதல் பயணத்தில் இது எனக்குத் தெரியாது. மூன்று சாயங்காலம் ஒரே மேசையில் ஆடினேன். அடுத்த மேசைக்காரருக்கு என்னைவிட அதிகமாகக் கொடுக்கிறார்களே என்று மூன்றாம் நாள்தான் கவனித்தேன். டீலரிடம் கேட்டபோது துணியில் இருந்த வரியை விரலால் காட்டினார். அன்றிலிருந்து நாற்காலியை இழுக்கும் முன் துணியைப் படித்துவிடுகிறேன்.

பெரும்பாலும் குறைந்த பந்தய மேசைகளில்தான் 6:5 இருக்கும் என்பது இதிலுள்ள சிக்கல். 10 போடும் மேசை 6:5 ஆகவும், 20 போடும் மேசை 3:2 ஆகவும் இருந்தால் எது மலிவு? மணிக்கு 60 கை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மேசையில் 600 பந்தயமாகப் போகிறது. அதில் 1.9 சதவீதம் என்றால் சராசரியாக 11 செலவு. இரண்டாவது மேசையில் 1200 பந்தயமாகப் போகிறது. அரை சதவீதம் என்றால் 6 செலவு. இரட்டிப்பாகப் போட்டும் செலவு பாதி. ஆனால் ஏற்ற இறக்கமும் இரட்டிப்பாகும். அதைத் தாங்கும் பணம் கையில் இல்லாவிட்டால் 20 மேசைக்குப் போகக் கூடாது. அப்போது 10 மேசையிலேயே குறைந்த நேரம் ஆடிவிட்டு எழுந்துவிடுங்கள்.

வேலைப் பயணத்தில் போகிறவருக்கு ஒரு வசதி உண்டு. நம் பயணம் பெரும்பாலும் வார நாட்களில் வரும். கூட்டம் இல்லாத நாட்களில், குறிப்பாக மாலைக்கு முன்னால், அதே மேசையின் குறைந்தபட்சத்தை இறக்கி வைப்பார்கள். வெள்ளி இரவு அதையே ஏற்றிவிடுவார்கள். ஆட நினைத்தால் திங்களோ செவ்வாயோ ஆடுங்கள்.

அடுத்தது வேகம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. மேசை நிரம்பியிருந்தால் மணிக்கு 50, 60 கை ஆடுவீர்கள். நீங்களும் டீலரும் மட்டும் என்றால் 200-ஐத் தாண்டிவிடும். விதி அதே, திறமை அதே, செலவு மட்டும் மூன்று, நான்கு மடங்கு. சீட்டை நிறுத்தாமல் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் உள்ள மேசையிலும் இப்படித்தான். கலைப்பதற்கு நின்று போகும் நிமிடங்கள் அதில் இல்லாததால் கைகளின் எண்ணிக்கை கூடுகிறது. காலியாகக் கிடக்கும் மேசை சௌகரியமாகத் தெரியும். ஐந்து பேர் சிரித்துப் பேசிக்கொண்டு ஆடும் மேசையே உங்களுக்கு ஏற்றது. அங்கே பேச்சுத் துணையும் கிடைக்கும், செலவும் குறையும்.

மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏஸை 1 ஆகவும் எண்ணலாம், 11 ஆகவும் எண்ணலாம். 11 ஆக எண்ணி வரும் 17-ஐ 'சாஃப்ட் 17' என்பார்கள். அதில் டீலர் நின்றுவிடும் மேசை நல்லது, இன்னொரு சீட்டு எடுக்கும் மேசையில் சாதகம் சுமார் 0.2 சதவீதம் கேசினோ பக்கம் போகிறது. ஜோடியாக வந்த இரண்டு சீட்டை இரண்டு கையாகப் பிரிப்பது ஸ்ப்ளிட், பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு எடுப்பது டபுள். ஸ்ப்ளிட் செய்த பிறகும் டபுள் செய்ய விட்டால் நல்லது. பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து விலகும் சரண்டர் இருந்தால் அதுவும் நல்லது. எல்லாம் ஒரே மேசையில் அமையாது. 3:2 இருந்தால் மற்றதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

இனி ஆட்டம். டீலரும் 21-ஐத் தாண்டித் தோற்கிறார், நாமும் தாண்டித் தோற்கிறோம், 17 வரை எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டுப்பாடு அவருக்குத்தான், பிறகு கேசினோ எப்படிச் சம்பாதிக்கிறது என்று பலரும் கேட்பார்கள். பதில் வரிசையில் இருக்கிறது. நாம் முதலில் ஆடுகிறோம். நாம் 21-ஐத் தாண்டியதும் நம் சிப்பை (பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வில்லையை) எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு டீலரும் தாண்டினாலும் அது திரும்பி வராது. டீலரைப் போலவே 16 வரை எடுத்து 17-ல் நிற்கிறேன் என்று ஆடினால் இந்த ஒரே காரணத்தால் சாதகம் ஐந்தரை சதவீதத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். தாண்டவே மாட்டேன் என்று 12-லேயே நிற்பவருக்கும் நஷ்டம்தான், அது 4 சதவீதம் அளவில் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் டீலரின் திறந்த சீட்டைப் பார்த்து முடிவெடுப்பதுதான் அடிப்படை உத்தி.

இந்த உத்தியைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1950-களில் அமெரிக்க ராணுவத்தின் அபர்தீன் தளத்தில் வேலை பார்த்த பால்ட்வின், கான்டி, மைசல், மெக்டெர்மாட் என்ற நால்வர், கம்ப்யூட்டர் இல்லாமல், மேசைக் கணக்கு இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கைக்கும் எது சரி என்று கணக்கிட்டார்கள். 1956-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் அது வெளியானது. பிறகு கம்ப்யூட்டரில் சரிபார்த்தபோதும் அவர்களின் முடிவுகள் பெரும்பாலும் அப்படியே நின்றன. இன்று ஒரு சின்ன அட்டையில் அச்சிட்டு விற்கும் கட்டங்களுக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. அந்த அட்டையை மேசையில் வைத்துப் பார்த்து ஆடப் பெரும்பாலான கேசினோக்களில் விடுகிறார்கள். வெட்கப்பட வேண்டாம், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையை மனப்பாடம் செய்வதைவிட அதன் காரணத்தைப் பிடித்துக்கொள்வது எளிது. டீலரின் திறந்த சீட்டு 5 அல்லது 6 என்றால், 100 முறைக்குச் சுமார் 42 முறை அவர் 21-ஐத் தாண்டிவிடுவார். 7 என்றால் அது 26 ஆக இறங்கிவிடும். 6-க்கும் 7-க்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, முழு உத்தியும் அந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. எனவே ஏஸை 11 ஆக எண்ணாத கைகளில், உங்கள் கை 13 முதல் 16 வரை இருந்து, டீலரிடம் 2 முதல் 6 வரை இருந்தால் நில்லுங்கள், அவர் தடுமாறட்டும். 7-ம் அதற்கு மேலும் என்றால் எடுங்கள். உங்களிடம் 12 என்றால் 4, 5, 6-க்கு எதிரே மட்டும் நில்லுங்கள். ஏனென்றால் 12-ஐ உடைப்பவை பத்து மதிப்புள்ள சீட்டுகள் மட்டும்தான், அவை 13 சீட்டில் 4. இப்படிப்பட்ட கை 17-ஓ அதற்கு மேலோ என்றால் எப்போதும் நில்லுங்கள். 11 வந்தால் டீலரிடம் ஏஸ் இல்லாதவரை டபுள் செய்யுங்கள். 10 வந்தால் டீலரிடம் 9 வரை இருக்கும்போது டபுள் செய்யுங்கள். 9 வந்தால் 3 முதல் 6 வரைக்கு எதிரே.

ஏஸ் உள்ள கைகளில்தான் அதிகம் பேர் பயப்படுகிறார்கள். சாஃப்ட் 17-ல் ஒருபோதும் நிற்காதீர்கள். அதில் ஒரு சீட்டு எடுத்தால் 21-ஐத் தாண்ட வழியே இல்லை, 17 என்பதோ ஜெயிக்கிற கையே அல்ல. ஏஸும் 7-ம் சேர்ந்த 18 நல்ல கை போலத் தெரியும். டீலரிடம் 9, 10, ஏஸ் இருந்தால் அங்கேயும் எடுக்க வேண்டும். ஜோடிகளில் ஏஸையும் 8-ஐயும் பிரித்துவிடுங்கள், பத்துகளையும் 5-களையும் பிரிக்காதீர்கள். இரண்டு பத்து என்பது 20, அதைக் கலைப்பது கையில் இருக்கும் வெற்றியைக் கலைப்பதுதான். மற்ற ஜோடிகளுக்கு அட்டையைப் பாருங்கள்.

16 வைத்துக்கொண்டு டீலரின் 10-ஐப் பார்க்கும் நொடி எல்லோருக்கும் வரும். நின்றாலும் எடுத்தாலும் நீண்ட கணக்கில் பந்தயத்தில் பாதிக்கு மேல் போகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் மயிரிழை அளவு. சரண்டர் இருந்தால் பாதியோடு விலகுங்கள், இல்லையென்றால் எடுங்கள். தோற்றுவிட்டு "நின்றிருக்கலாமே" என்று வருந்த வேண்டியதில்லை. அந்தக் கை வந்தபோதே மோசமானது.

வேறு நாட்டுக்குப் போகிறவர் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்க முறையில் டீலர் தன் இரண்டாவது சீட்டைக் கவிழ்த்து வைத்திருப்பார். பத்தோ ஏஸோ திறந்திருந்தால் அடியில் பிளாக்ஜாக் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவார். ஐரோப்பிய முறையில் எல்லோரும் ஆடி முடித்த பிறகே இரண்டாவது சீட்டை எடுப்பார். நீங்கள் டபுள் செய்து, ஸ்ப்ளிட் செய்து பணத்தைக் கூட்டிய பின் அவருக்குப் பிளாக்ஜாக் வந்தால் கூட்டிய எல்லாமே போய்விடும். அப்படிப்பட்ட மேசையில் டீலரின் 10-க்கு எதிரே 11-ஐ டபுள் செய்யாதீர்கள். 10-க்கும் ஏஸுக்கும் எதிரே 8-களைப் பிரிக்காதீர்கள், வெறுமனே ஒரு சீட்டு எடுங்கள். உங்கள் அட்டை எந்த முறைக்கு அச்சிட்டது என்று பார்த்து வாங்குவதும் இதற்காகத்தான்.

இன்சூரன்ஸ் என்று ஒன்றைக் கேட்பார்கள். டீலரிடம் ஏஸ் திறந்திருக்கும்போது, அவருக்குப் பிளாக்ஜாக் இருந்தால் 2:1 தருகிறோம், பாதிப் பந்தயம் போடுகிறீர்களா என்பார்கள். பெயர்தான் பாதுகாப்பு. ஆறு கட்டு மேசையில் 312 சீட்டு. அந்த ஏஸைக் கழித்தால் மீதி 311, அதில் பத்து மதிப்புள்ளவை 96. ஜெயிக்கும் வாய்ப்பு 31 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. 2:1-க்குக் கணக்குச் சரியாக வர 33 சதவீதத்துக்கு மேல் வேண்டும். போடும் ஒவ்வொரு 100-லும் 7-க்கு மேல் போகிறது. உங்களிடமே பிளாக்ஜாக் இருக்கும்போது "சமபணம் எடுத்துக்கொள்கிறீர்களா" என்று கேட்பதும் இதே இன்சூரன்ஸ்தான். மேசையில் உள்ள எல்லோரும் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். ஜோடி விழும், மூன்று சீட்டு வரிசையாக வரும் என்று பக்கத்தில் சின்ன வட்டங்களில் போடச் சொல்லும் பந்தயங்களிலும் சாதகம் முதன்மை ஆட்டத்தைவிடப் பல மடங்கு. அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இப்போது பணம். எவ்வளவு என்ற கேள்விக்கு, எத்தனை பந்தயம் கையில் இருக்க வேண்டும் என்று பதில் சொல்கிறேன். ஒரு கையின் சராசரி ஏற்ற இறக்கம் 1.15 பந்தயம் அளவு. நிரம்பிய மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு 120 கை. அந்த 120 கைக்குப் பிறகு மூன்றில் இரண்டு முறை 13 பந்தயம் கூடவோ குறைவாகவோ என்ற எல்லைக்குள் இருப்பீர்கள். சராசரிச் செலவு வெறும் 0.6 பந்தயம். ஆகவே ஓர் இரவில் நடப்பதை அதிர்ஷ்டம்தான் தீர்மானிக்கிறது, சரியாக ஆடியும் 20 பந்தயம் போகும் இரவு வரும், அப்போது உத்தி தப்பு என்று மாற்றத் தொடங்காதீர்கள். 20 பந்தயத்தோடு உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் காலியாகும் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று. 30 பந்தயம் இருந்தால் அது மிகவும் அரிது. எனவே ஒரு சாயங்காலத்துக்கு 30 பந்தயம். அந்தத் தொகை முழுவதும் போனாலும் மாதக் கடைசியில் கை கடிக்காது என்றால் அந்த மேசை உங்களுக்குச் சரி. கடிக்கும் என்றால் அந்த மேசை வேண்டாம். அந்த ஊரில் அதைவிடச் சின்ன மேசை இல்லையென்றால் பின்னால் நின்று வேடிக்கை பாருங்கள்.

நான்கு நாளில் இரண்டு சாயங்காலம் போதும். இரண்டுக்கும் தனித்தனி உறையில் ரொக்கம் வையுங்கள். கேசினோவுக்குள் இருக்கும் ஏடிஎம்மில் கட்டணம் அதிகம். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். கார்டுகளை அறைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுக் கீழே வாருங்கள். அலுவலக கார்டையும் பயணப் படியையும் கேசினோவோடு எந்த வழியிலும் கலக்காதீர்கள். பிறகு கட்டிவிடலாம் என்ற எண்ணத்தோடு கூட வேண்டாம். என்னோடு வந்த ஒருவர் முதல் இரவு தோற்றதைத் திரும்ப எடுக்க மூன்று முறை அறைக்குப் போய் வந்தார். மறுநாள் காலைக் கூட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை. தோற்றதைத் துரத்தும் பழக்கம் முன்பே உங்களுக்கு இருந்தால், எந்த விளையாட்டிலாவது நிறுத்த முடியாமல் போன அனுபவம் இருந்தால், கீழே இறங்கவே வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

சீட்டுகளை எண்ணி ஜெயிக்கலாமே என்று ஒருவர் சொல்லியிருப்பார். முடியும். எட்வர்ட் தார்ப் என்ற கணித அறிஞர் ஐபிஎம் 704 கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, 1962-ல் புத்தகமாகவே வெளியிட்டு நிரூபித்தார். கட்டில் பத்துகளும் ஏஸ்களும் அதிகம் மீந்திருக்கும்போது சாதகம் ஆடுகிறவர் பக்கம் திரும்பும், அப்போது பந்தயத்தைக் கூட்டுவதுதான் முறை. கிடைக்கும் சாதகம் ஒரு சதவீத அளவில்தான் இருக்கும். அதற்கு நூற்றுக்கணக்கான மணி நேரமும், பெரிய தொகையும், தப்பே செய்யாத கவனமும் வேண்டும். நாள் முழுக்கக் கூட்டங்களில் உட்கார்ந்துவிட்டு வரும் மூளைக்கு அந்தக் கவனம் இருக்காது. நிறுத்தாமல் கலைக்கும் இயந்திரம் இருந்தால் எண்ணியும் பயனில்லை.

களைப்பு என்றதும் நினைவு வருகிறது. பயணத்தில் ஆடுகிறவருக்கு நேர வித்தியாசமும் தூக்கமின்மையும் இலவசமாக வரும் மதுவும் சேர்ந்து செய்யும் சேதம், விதிகளால் வரும் செலவைவிட அதிகம். 12-க்கு எதிரே 2 வந்தால் என்ன செய்வது என்று ஒரு நொடி தயங்கினால் அன்றைக்கு எழுந்துவிடுவது என்று நான் வைத்திருக்கிறேன். மறுநாள் காலை பேச வேண்டிய விஷயம் ஏதாவது இருந்தால் கைபேசியில் அலாரம் வைத்துவிட்டு உட்காருங்கள். கேசினோவுக்குள் கடிகாரமோ ஜன்னலோ பொதுவாகக் கண்ணில் படாது. மேசையில் கைபேசியை எடுக்க விடமாட்டார்கள், அதிர்வில் வைத்துச் சட்டைப்பையில் போடுங்கள். வாடிக்கையாளரோடு போக நேர்ந்தால் அவருடைய பந்தய அளவுக்கு ஏறாதீர்கள். உங்கள் குறைந்தபட்சத்திலேயே இருங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

மேசை நடைமுறை எளிது. நடந்துகொண்டிருக்கும் கை முடியும்வரை காத்திருந்து உட்காருங்கள். பணத்தை டீலர் கையில் கொடுக்காதீர்கள், துணியின் மேல் வையுங்கள், சிப்பாக மாற்றித் தருவார். சீட்டு திறந்த முகமாக வரும் மேசையில் சீட்டைத் தொடக் கூடாது. பந்தயம் வைத்து சீட்டு வந்த பிறகு அந்தச் சிப்பையும் தொடக் கூடாது. வாயால் சொல்வது போதாது, மேலே இருக்கும் கேமராவுக்காகச் சைகை வேண்டும். சீட்டு வேண்டும் என்றால் விரலால் துணியைத் தட்டுங்கள், வேண்டாம் என்றால் உள்ளங்கை கீழே பார்க்க குறுக்காக வீசுங்கள். டபுளுக்கும் ஸ்ப்ளிட்டுக்கும் அதே அளவு சிப்பை முதல் பந்தயத்தின் பக்கத்தில் வையுங்கள், மேலே அடுக்க வேண்டாம். டபுள் என்றால் ஒரு விரல், ஸ்ப்ளிட் என்றால் இரு விரல். கடைசி நாற்காலியில் இருப்பவர் தப்பாக எடுத்ததால்தான் எல்லோரும் தோற்றோம் என்று யாராவது கோபப்படுவார். அந்த ஒரு சீட்டு டீலருக்கு உதவுவதும் கெடுப்பதும் நீண்ட ஓட்டத்தில் சமம்தான். வாதம் செய்யாதீர்கள், பிறரின் கைக்கு யோசனையும் சொல்லாதீர்கள்.

எழும்போது சின்னச் சிப்புகளை டீலரிடம் தள்ளி, பெரியதாக மாற்றித் தரச் சொல்லுங்கள், எண்ணுவதும் தூக்கிப் போவதும் எளிது. அப்புறம் நேராகக் காசாளர் ஜன்னலுக்குப் போய் அன்றிரவே பணமாக்கிவிடுங்கள். ஒரு கேசினோவின் சிப்பை இன்னொன்றில் எடுக்கமாட்டார்கள், கடைசி நாள் காலை விமானத்துக்கு ஓடும் அவசரத்தில் அந்த ஜன்னலில் வரிசையாக ஆள் நின்றால் சிப்புகள் உங்களோடு ஊருக்கு வந்துவிடும்.